மாமனாரின் ராணுவப் பதிவேட்டில் விடுபட்ட பதக்கங்கள்: எதை, யாரிடம், எந்த ஆதாரத்தோடு கேட்பது?

கேள்வி: ஐயா, வணக்கம். நான் மதுரையில் பிறந்தவள். திருமணத்துக்குப் பின் டெக்சாஸ் மாநிலத்தில் வசிக்கிறேன். கணவர் அமெரிக்கர். 78 வயதாகும் என் மாமனார் 1967 ஆகஸ்டில் கட்டாய ராணுவச் சேவைக்கு அழைக்கப்பட்டு, 1968 மே இறுதி முதல் 1969 மே இறுதி வரை வியட்நாமின் மேகாங் டெல்டாவில் 9-ஆவது காலாட்படை டிவிஷனின் ரைஃபிள் கம்பெனி ஒன்றில் இருந்தார். நாடு திரும்பியதும் கலிஃபோர்னியாவின் ஓக்லண்டிலேயே அவரைச் சேவையிலிருந்து விடுவித்துவிட்டார்கள். 1969 பிப்ரவரியில் மோர்ட்டார் குண்டுச் சிதறல் தொடையில் பாய்ந்து, லாங் பின்னில் இருந்த ராணுவ மருத்துவமனையில் சில வாரங்கள் படுத்திருந்தார். அங்கே ஓர் அதிகாரி வந்து, போரில் காயமுற்றவர்களுக்கு உரிய பர்ப்பிள் ஹார்ட் பதக்கத்தைக் குத்திவிட்டுப் போனாராம். பதக்கம் பெட்டியோடு வீட்டில் இருக்கிறது. ஆனால் தாள் எதுவும் இல்லை. அவருடைய விடுவிப்புச் சான்றான டிடி-214 படிவத்தில் தேசியப் பாதுகாப்புச் சேவைப் பதக்கம், வியட்நாம் சேவைப் பதக்கம், துப்பாக்கி சுடுதலுக்கான சின்னம் ஆகிய மூன்று மட்டுமே உள்ளன. வீரச் செயலுக்கான பிரான்ஸ் ஸ்டாருக்கும் தம்மைப் பரிந்துரைத்ததாக அவருடைய பிளட்டூன் தலைவராக இருந்த லெப்டினன்ட் சொன்னார் என்கிறார். இருவருக்கும் இன்றும் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை வழியே தொடர்பு உண்டு. மாமனார் இதையெல்லாம் கிளற வேண்டாம் என்கிறார். எனக்கும் கணவருக்கும் மனம் ஒப்பவில்லை. இத்தனை ஆண்டுகள் கழித்துத் திருத்த முடியுமா? நானே விண்ணப்பிக்கலாமா? எல்லாவற்றையும் முடித்துத் தருவதாக ஒரு நிறுவனம் கட்டணம் கேட்கிறது, கொடுக்கலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம். திருத்த முடியும், ஆனால் நீங்கள் ஒரே குறையாக எழுதியிருப்பது உண்மையில் மூன்று வெவ்வேறு குறைகள் என்பதையும், ஒவ்வொன்றுக்கும் வழியும் வேண்டிய ஆதாரமும் வேறு என்பதையும் முதலிலேயே மனத்தில் கொள்ளுங்கள். இதைப் பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் கொட்டி, உருக்கமாக எழுதி அனுப்பிய பல விண்ணப்பங்கள் மாதக்கணக்கில் காத்திருந்து திரும்பி வந்திருக்கின்றன. சேவையில் இருந்த இடத்தாலும் காலத்தாலும் தாமாகவே சேர வேண்டியவை ஒரு வகை. முறைப்படி ஆணையிட்டு வழங்கப்பட்டும் படிவத்தில் ஏறாமல் போனவை இரண்டாவது வகை. பரிந்துரையோடு நின்று, வழங்கப்படாமலே போனவை மூன்றாவது வகை. உங்கள் மாமனாருக்கு மூன்றுமே பொருந்துகின்றன.

இந்தப் பிழைகள் எப்படி நேர்ந்தன என்பதை அறிந்தால் எங்கே தேடுவது என்பதும் விளங்கும். வியட்நாமிலிருந்து திரும்பிய கட்டாயச் சேவை வீரர்களில், சேவைக் காலத்தில் சிறிது மட்டுமே மிச்சமிருந்தவர்களை ஓக்லண்ட் போன்ற இடங்களில் உடனுக்குடன் விடுவித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த எழுத்தர், வந்தவர் கையில் கொண்டுவந்த கோப்பில் என்ன இருந்ததோ அதைப் பார்த்து டிடி-214-ஐத் தட்டச்சு செய்தார். வீட்டுக்குப் போகும் அவசரத்தில் இருந்த 21 வயது இளைஞர் எவரும், பதக்கங்கள் எழுதப்படும் 24-ஆம் கட்டத்தில் ஒரு வரி குறைகிறது என்று வரிசையிலிருந்து விலகி நின்று வாதாடியிருக்க மாட்டார். பதக்க ஆணைகளோ பல சமயம் வீரர் படைப்பிரிவை விட்டுக் கிளம்பிய பிறகே அச்சாகி, அவரைத் தேடி அலைந்து, எங்கோ ஒரு கோப்பில் தங்கிவிட்டன. ஆகவே டிடி-214-இல் இல்லை என்பதால் வழங்கப்படவில்லை என்று பொருளில்லை. அதே வேளையில், இத்தகைய கோரிக்கைகளை இறுதியாக முடிவுசெய்யும் ராணுவப் பதிவேடுகள் திருத்த வாரியம் உங்கள் பக்கமிருந்து தொடங்காது: அரசுப் பதிவு சரியாகவே செய்யப்பட்டது என்ற முன்னனுமானத்தோடுதான் தொடங்கும், பிழை உண்டு என்று காட்டும் பொறுப்பு விண்ணப்பதாரருடையது.

எனவே எந்தத் திருத்தமும் கேட்பதற்கு முன் முழுக் கோப்பையும் வரவழையுங்கள். மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரில், தேசிய ஆவணக் காப்பகத்தின் கீழ் இயங்கும் தேசியப் பணியாளர் பதிவேட்டு மையத்தில் அது இருக்கும். எஸ்எஃப்-180 என்ற படிவத்தைத் தபாலில் அனுப்பியோ, காப்பகத்தின் இணையதளம் வழியாகவோ கேட்கலாம். படைவீரருக்கும் அவருடைய நெருங்கிய உறவினருக்கும் கட்டணமில்லை. டிடி-214-இன் நகல் என்று மட்டும் கேட்டால் உங்களிடம் ஏற்கெனவே உள்ள அந்த ஒற்றைத் தாளே மீண்டும் வந்து சேரும். ராணுவப் பணியாளர் கோப்பு முழுவதும், அதிலுள்ள டிஏ-20 என்ற தகுதிப் பதிவு அட்டை உட்பட, வேண்டும் என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

அந்த டிஏ-20 அட்டைதான் இத்தகைய வழக்குகளின் உயிர்நாடி. அதன் 38-ஆம் கட்டம் அவர் எந்தத் தேதியில் எந்தக் கம்பெனியில் என்ன பணிக்குறியீட்டில் இருந்தார் என்பதைச் சொல்லும். 39-ஆம் கட்டம் பங்கேற்ற போர்க்களக் கட்டங்களையும், 40-ஆம் கட்டம் அடைந்த காயங்களையும், 41-ஆம் கட்டம் பெற்ற விருதுகளையும் சொல்லும். 40-ஆம் கட்டத்தில் பிப்ரவரி 1969 என்ற தேதியும் தொடைக் காயமும் எழுதப்பட்டிருந்தால் உங்கள் வேலை பெருமளவு முடிந்தது போலத்தான். 41-ஆம் கட்டத்தில் ஒரு பொது ஆணையின் எண்ணே குறிக்கப்பட்டிருந்து டிடி-214-இல் மட்டும் விடுபட்டிருந்தால் அது வெறும் எழுத்தர் பிழை. வாரியம் வரை போக வேண்டியதே இல்லை. அட்டை வந்ததும் இந்த நான்கு கட்டங்களையும் டிடி-214-ஓடு வைத்து வரிவரியாக ஒப்பிடுங்கள்.

இப்போது முதல் வகைக்கு வருகிறேன். வியட்நாம் சேவைப் பதக்கம் அவருக்கு ஏற்கெனவே உண்டு; ஆனால் பங்கேற்ற ஒவ்வொரு போர்க்களக் கட்டத்துக்கும் அதன் நாடாவில் ஒரு வெண்கலச் சேவை நட்சத்திரம் சேர வேண்டும். 1968 ஏப்ரல் 2 முதல் ஜூன் 30 வரை எதிர்த்தாக்குதலின் நான்காம் கட்டம். ஜூலை 1 முதல் நவம்பர் 1 வரை ஐந்தாம் கட்டம். நவம்பர் 2 முதல் 1969 பிப்ரவரி 22 வரை ஆறாம் கட்டம். பிப்ரவரி 23 முதல் ஜூன் 8 வரை டெட் 69 எதிர்த்தாக்குதல். நீங்கள் குறிப்பிடும் தேதிகள் சரியானால் அவருக்கு நான்கு நட்சத்திரங்கள் உரியவை. அடுத்து, ஆறு மாதங்களுக்குக் குறையாமல் அங்கே பணியாற்றியவர்களுக்கு உரிய வியட்நாம் குடியரசின் போர்க்களப் பதக்கம், 1960 என்ற ஆண்டுக் குறியோடு அவருக்கு உண்டு. மேலும், அமெரிக்க ராணுவத் துறை 1974-இல் வெளியிட்ட 8-ஆம் எண் பொது ஆணை, வியட்நாமில் பணியாற்றிய ராணுவப் பிரிவுகள் அனைத்துக்கும் அந்நாட்டு அரசு அளித்த பனையோலைச் சின்னத்துடன் கூடிய வீரச் சிலுவைப் பிரிவுப் பாராட்டை உறுதிசெய்தது. 1969-இல் விடுவிக்கப்பட்டவரின் படிவத்தில் 1974-இன் ஆணை எப்படி இருக்கும்? அந்தப் போர்க்கால வீரர்களில் மிகப் பலருடைய டிடி-214-இல் இது விடுபட்டிருப்பதன் காரணம் இவ்வளவுதான். 9-ஆவது டிவிஷனின் பிரிவுகள் பலவற்றுக்கு வியட்நாம் அரசின் குடிமைப்பணி மதிப்புப் பதக்கத்தின் முதல் வகுப்புப் பிரிவுப் பாராட்டும் உண்டு. அவருடைய பட்டாலியனுக்கு எவை உரியவை என்பதை வியட்நாம் போருக்கான பிரிவுப் பாராட்டுப் பதிவேடான ராணுவத் துறைக் கையேடு 672-3-இல் சரிபார்க்கலாம்.

நன்னடத்தைப் பதக்கத்தையும் மறந்துவிடாதீர்கள். சாதாரணமாக மூன்றாண்டுச் சேவைக்கு உரியது என்றாலும், அந்தப் போர்க்காலத்தில் ஓராண்டுக்கு மேல் பணியாற்றி விடுவிக்கப்பட்டவருக்கு முதல் பதக்கம் கிடைக்க வழியிருந்தது. டிஏ-20-இன் 38-ஆம் கட்டத்தில் நடத்தைக்கும் செயல்திறனுக்கும் தொடர்ந்து மிக நன்று என்ற மதிப்பீடு இருந்து, ராணுவ நீதிமன்றத் தண்டனையும் இல்லாதிருந்தால் தயங்காமல் கேளுங்கள். இது தாமாகச் சேர்வதில்லை, கட்டளை அதிகாரியின் ஒப்புதல் வேண்டியது என்பது உண்மைதான். ஆயினும் அவருக்குத் தகுதியில்லை என்று அப்போதைய கட்டளை அதிகாரி எழுதிவைத்த குறிப்பு எதுவும் இல்லாதபோது வாரியம் இதை வழங்குவது வழக்கம்.

இந்த முதல் வகைத் திருத்தங்களுக்கு வாதம் தேவையில்லை. தேதியும் பிரிவும் போதும். பதக்கச் சரிபார்ப்புக் கோரிக்கையைப் பதிவேட்டு மையத்துக்கே அனுப்பலாம். அங்கே தீராதவை கென்டக்கி மாநிலத்தின் ஃபோர்ட் நாக்ஸில் உள்ள ராணுவ மனிதவளக் கட்டளையகத்தின் விருதுப் பிரிவுக்குப் போகும். திருத்தம் ஏற்கப்பட்டால் டிடி-215 என்ற திருத்தப் படிவம் வரும். பழைய டிடி-214-ஐ மாற்றி அச்சிட்டுத் தர மாட்டார்கள். இரண்டையும் ஒன்றாக இணைத்தே இனிக் காட்ட வேண்டும். இதை எதிர்பாராமல், பழைய தாளே திரும்பவும் வந்துவிட்டது என்று மனம் சோர்ந்துபோன குடும்பங்கள் உண்டு என்பதால் சொல்லிவைக்கிறேன்.

இரண்டாவது வகையான பர்ப்பிள் ஹார்ட் விஷயத்தில் சற்று நிதானமாக இருக்க வேண்டும். விதிப்படி மூன்று விஷயங்கள் நிறுவப்பட வேண்டும்: காயம் எதிரியின் செயலால் ஏற்பட்டது, அதற்கு மருத்துவப் பணியாளரின் சிகிச்சை தேவைப்பட்டது, அந்தச் சிகிச்சை அரசுப் பதிவில் ஏறியது. வீட்டில் பெட்டியோடு இருக்கும் பதக்கம், உங்களுக்கு எவ்வளவு பெரிய சான்றாகத் தோன்றினாலும், வாரியத்தின் பார்வையில் சான்றே ஆகாது. ஏனென்றால் அதே பதக்கத்தைக் கடையிலும் வாங்க முடியும். தொடையில் உள்ள வடுவும் அப்படித்தான்: காயம் பட்டது என்று அது சொல்லுமே தவிர, எப்படிப் பட்டது என்று சொல்லாது.

ஆனால் உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு செய்திதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. பதக்கத்தை அவருக்கு மருத்துவமனைப் படுக்கையில் வைத்து அணிவித்தார்கள் என்கிறீர்கள். வியட்நாமில் பர்ப்பிள் ஹார்ட் வழங்கும் அதிகாரம் ராணுவ மருத்துவமனைகளின் கட்டளை அதிகாரிகளுக்கும் தரப்பட்டிருந்தது. ஆகவே அந்த ஆணை டிவிஷனின் பெயரில் இல்லாமல் மருத்துவமனையின் பெயரில் வெளிவந்திருக்க வாய்ப்புண்டு. டிவிஷன் ஆணைகளை மட்டும் புரட்டிவிட்டு எதுவும் இல்லை என்று கைவிட்ட தேடல்கள் பல இந்த இடத்தில்தான் தவறியிருக்கின்றன. லாங் பின்னில் ஒன்றுக்கு மேற்பட்ட ராணுவ மருத்துவமனைகள் இருந்தன என்பதால், எது என்று மாமனாரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தக் காலத்துக் கடித உறையின் அனுப்புநர் முகவரியில்கூட அது இருக்கும். வியட்நாமில் இருந்த அமெரிக்கப் படைப்பிரிவுகளின் ஆவணங்கள் மேரிலாந்தின் காலேஜ் பார்க்கில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், 472 என்ற தொகுப்பெண்ணின் கீழ் உள்ளன. பொது ஆணைகளும் பட்டாலியனின் அன்றாட நிகழ்வுக் குறிப்புகளும் அங்கே கிடைக்கக்கூடியவை. இதைத் தவிர, 1965 முதல் 1973 வரையிலான விருது ஆணைகளுக்கு மனிதவளக் கட்டளையகம் வைத்திருக்கும் கணினி அட்டவணை ஒன்றும், வியட்நாமில் காயமுற்றோர், இறந்தோர் பட்டியலும் உள்ளன. விண்ணப்பம் வந்தால் வாரியமும் இவற்றைப் பார்க்கும். ஆனால் அவர்கள் பார்ப்பார்கள் என்று நீங்கள் சும்மா இருக்கக் கூடாது.

மருத்துவப் பதிவைத் தனியாகக் கேட்க வேண்டும் என்பதையும் பலர் அறிவதில்லை. மருத்துவமனையில் உள்நோயாளியாக இருந்ததற்கான குறிப்புகள் வீரரின் பணியாளர் கோப்பில் வைக்கப்படவில்லை. மருத்துவமனையின் பெயராலும் ஆண்டாலும் அடுக்கப்பட்டு செயின்ட் லூயிஸுக்குப் போயின. மருத்துவமனையின் பெயர், 1969 பிப்ரவரி என்ற காலம், காயத்தின் விவரம் ஆகியவற்றோடு அதற்கெனத் தனிக் கோரிக்கை எழுதுங்கள். மாமனார் எப்போதாவது படைவீரர் நலத்துறையிடம் ஊனத் தொகை கேட்டு விண்ணப்பித்திருந்தால், சேவைக்கால மருத்துவக் கோப்பு அந்தத் துறையிலேயே தங்கியிருக்கக்கூடும். அப்படியானால் அவருடைய கோரிக்கைக் கோப்பின் முழு நகலையும் அங்கே கேட்க வேண்டும். மூன்றாவதாக, அவருடைய கம்பெனியின் காலை அறிக்கைகள். ஆள் இருப்பில் ஏற்படும் மாற்றங்களை ஒவ்வொரு கம்பெனியும் அன்றாடம் அதில் பதிந்தது. காயமுற்று மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவரின் பெயர் அந்த நாளின் அறிக்கையில் இருக்க வேண்டும். தேதி துல்லியமாகத் தெரியாவிட்டால் குறிப்பிட்ட ஒரு மாதத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

வீட்டிலும் தேடுங்கள். மகன் காயமுற்றான் என்று ராணுவம் பெற்றோருக்கு அனுப்பிய தந்தி, மருத்துவமனையிலிருந்து அவர் எழுதிய தபால் முத்திரையுள்ள கடிதம், உள்ளூர்ச் செய்தித்தாளில் வந்த துணுக்கு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று, இன்று எழுதி வாங்கும் பத்துச் சாட்சிக் கடிதங்களைவிட மதிப்புள்ளது. நிகழ்ந்த காலத்திலேயே எழுதப்பட்ட தாளுக்கு வாரியம் தரும் எடையை நினைவிலிருந்து எழுதப்பட்ட தாளுக்குத் தருவதில்லை. அதில் நியாயமும் இருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

சாட்சிக் கடிதம் வேண்டாம் என்பதல்ல. எழுதுபவர் அந்த இடத்தில் இருந்தவராக இருக்க வேண்டும். தம் பதவி, கம்பெனி, இருந்த காலம் ஆகியவற்றைச் சொல்லி, தம் கண்ணால் கண்டதையும் பிறர் சொல்லக் கேட்டதையும் பிரித்து எழுத வேண்டும். நோட்டரி முன் கையொப்பமிட்டால் நல்லது. உங்கள் மாமனார் சிறந்த மனிதர், நாட்டுக்காகத் தியாகம் செய்தவர் என்ற பாராட்டுரைகள் பக்கத்தை நிரப்புமே தவிர எதையும் நிறுவுவதில்லை. இருவர் எழுதினால் இருவருடைய வாசகமும் சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருக்கவே கூடாது. ஒருவரே தட்டச்சு செய்து இருவரிடம் கையெழுத்து வாங்கியது போலத் தோன்றினால் உண்மையும் கெட்டுவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். அவர் ரைஃபிள் கம்பெனியில் இருந்தவர். 11பி போன்ற காலாட்படைப் பணிக்குறியீட்டோடு காலாட்படைப் பட்டாலியனில் இருந்து, அந்தப் பிரிவு களத்தில் நேரடிப் போரில் ஈடுபட்டபோது உடனிருந்தவர்களுக்கு உரியது காம்பட் இன்ஃபன்ட்ரிமேன் பேட்ஜ் என்ற நீலப் பின்னணியில் நீண்ட துப்பாக்கி கொண்ட சின்னம். அது டிடி-214-இல் இல்லாததே எனக்கு வியப்பாக இருக்கிறது. டிஏ-20-இல் பணிக்குறியீட்டையும் 41-ஆம் கட்டத்தையும் பாருங்கள். பலர் இதற்குப் பதிலாகக் காம்பட் ஆக்‌ஷன் பேட்ஜ் என்ற வேறொரு சின்னத்தைக் கேட்டு விண்ணப்பிக்கிறார்கள். அது 2001 செப்டம்பர் 18-க்குப் பிந்திய சேவைக்கு மட்டுமே உரியது, வியட்நாமுக்குப் பொருந்தாது.

மூன்றாவது வகையான பிரான்ஸ் ஸ்டாரைப் பற்றி நேராகவே சொல்கிறேன்: இது கடினம். லெப்டினன்ட் பரிந்துரைத்தது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பரிந்துரை வேறு, வழங்கல் வேறு. பரிந்துரைத் தாள் பட்டாலியனில் தொலைந்ததா, மேலே போய் மறுக்கப்பட்டதா, எழுதப்படவே இல்லையா என்பது இன்று யாருக்கும் தெரியாது. முதலில் ஆணைகளைத் தேடுங்கள். வழங்கல் ஆணை கிடைத்துவிட்டால் இது இரண்டாம் வகையாகிவிடும். கிடைக்காவிட்டால், காலம் கடந்த பரிந்துரைகளை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர் வழியாக முன்வைக்க 1996-இல் ஏற்பட்ட சட்டவழி ஒன்று உண்டு; அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் பத்தாம் தலைப்பில் 1130-ஆம் பிரிவு அது. நிகழ்வை நேரில் அறிந்தவர், முடிந்தால் அப்போதைய மேலதிகாரியே, டிஏ-638 என்ற பரிந்துரைப் படிவத்தை நிரப்ப வேண்டும். எந்த நாளில், எங்கே, என்ன செய்தார் என்ற விவரமும் கண்ணால் கண்டவர்களின் வாக்குமூலங்களும் வேண்டும். உங்கள் தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினர் அலுவலகத்தில் இதற்கென்றே பணியாளர் இருப்பார். மாமனார் தனியுரிமை ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிட்டால் அவர்கள் கோரிக்கையை அனுப்புவார்கள். உறுப்பினர் அனுப்பினார் என்பதற்காக முடிவு சாதகமாகிவிடாது; தகுதியை ராணுவமே எடைபோடும். இதை மற்ற இரண்டு வகைகளோடு கலக்காமல் தனி விண்ணப்பமாகவே வையுங்கள். இல்லாவிட்டால் எளிதில் முடியக்கூடியவையும் இதற்காகக் காத்துக் கிடக்கும்.

நிர்வாக வழியில் பதிவேட்டு மையமும் மனிதவளக் கட்டளையகமும் மறுத்தால்தான் ராணுவப் பதிவேடுகள் திருத்த வாரியத்துக்குப் போக வேண்டும். அந்த வழியைத் தீர்க்காமல் நேரே போனால் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே மறுப்புக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள், அதுவே நுழைவுச் சீட்டு. படிவம் டிடி-149. பிழையை அறிந்த நாளிலிருந்து மூன்றாண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று பத்தாம் தலைப்பின் 1552-ஆம் பிரிவு சொல்கிறது. நீதியின் நலன் கருதி அந்தக் கெடுவைத் தளர்த்தும் அதிகாரத்தையும் அதே பிரிவு வாரியத்துக்குக் கொடுக்கிறது. பதக்கப் பதிவு தொடர்பான பழைய வழக்குகளில் ஆதாரம் வலுவாக இருந்தால் காலதாமதம் பெரும்பாலும் தடையாவதில்லை. தாமதத்துக்கான காரணத்தை ஒளிக்காமல் இரண்டு வரியில் எழுதுங்கள்: போரைப் பற்றிப் பேச விரும்பாமல் இருந்தார், குடும்பத்தினர் படிவத்தைப் பார்த்தபோதுதான் குறை தெரிந்தது. அது உண்மையாகவும் இருக்கிறது, போதுமானதாகவும் இருக்கிறது. ராணுவ வீரர் அல்லாத குடிமைப் பணியாளர்கள் மூவரைக் கொண்ட குழு, பெரும்பாலும் நேர்முக விசாரணையின்றித் தாள்களைப் பார்த்தே முடிவெடுக்கும். பெரும்பான்மை வழக்குகளைப் பத்து மாதத்துக்குள்ளும் அனைத்தையும் பதினெட்டு மாதத்துக்குள்ளும் முடிக்க வேண்டும் என்று சட்டம் வாரியத்தைக் கட்டுப்படுத்துகிறது. மறுத்தாலும், முன்பு வைக்காத புதிய ஆதாரம் கிடைத்தால் மறுபரிசீலனை கேட்கலாம். அதனால்தான் முதல் விண்ணப்பத்தை அரைகுறையாக அனுப்ப வேண்டாம் என்கிறேன்.

இனி, நீங்கள் விண்ணப்பிக்கலாமா என்ற கேள்வி. முடியாது. அவர் உயிரோடு, தெளிந்த மனத்தோடு இருக்கும்வரை எல்லாப் படிவங்களிலும் அவரே கையொப்பமிட வேண்டும். அவருக்குப் பிறகும்கூட, பதிவேட்டு மையம் நெருங்கிய உறவினராக ஏற்பது மறுமணம் செய்யாத துணைவர், பெற்றோர், மகன், மகள், உடன்பிறந்தோர் ஆகியோரையே. அந்தப் பட்டியலில் மருமகளுக்கு இடமில்லை. தேடுவதையும் தட்டச்சு செய்வதையும் நீங்கள் செய்யுங்கள். அவரால் இயலாத நிலை வந்தால் உங்கள் கணவர் முன்னிற்க வேண்டும். சேவையிலிருந்து விலகி 62 ஆண்டுகள் ஆன கோப்புகள் பொது ஆவணமாகி, கட்டணம் செலுத்தி யாரும் பெறக்கூடியவை ஆகின்றன. இவருடையது 2031-இல்தான் அந்த நிலையை அடையும்.

அவர் வேண்டாம் என்கிறாரே என்பதை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பிப்ரவரி 1969-ஐப் பற்றி அவரை உட்கார வைத்து விசாரித்து எழுதினால்தான் விண்ணப்பம் உருவாகும். அந்த நாளில் அவர் காயத்தை மட்டும் பார்த்திருக்க மாட்டார். ஆகவே முதலில் கோப்பை வரவழைப்பதற்கு மட்டும் கையொப்பம் கேளுங்கள். அதற்கு அவர் எதையும் நினைவுகூர வேண்டியதில்லை. கோப்பே பெரும்பாலானவற்றைச் சொல்லிவிட்டால் அவரிடம் கேட்க வேண்டியது வெகு சிலதே மிஞ்சும். பதக்கம் எதற்கு என்று அவர் கேட்டால், பயனையும் எடுத்துச் சொல்லலாம்: பர்ப்பிள் ஹார்ட் பதிவில் ஏறினால் படைவீரர் நலத்துறையின் மருத்துவச் சேவையில் மூன்றாம் முன்னுரிமைப் பிரிவுக்கு உரியவராவார், போர்முனையில் இருந்ததற்கான சான்று அவருடைய மனநலம் அல்லது காயம் தொடர்பான கோரிக்கைகளுக்கும் துணையாகும். அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால் அவர் முடிவே முடிவு.

கட்டணம் கேட்கும் நிறுவனத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள். கோப்பைப் பெறவும், திருத்தம் கேட்கவும், வாரியத்துக்கு விண்ணப்பிக்கவும் அரசு ஒரு டாலரும் வாங்குவதில்லை. விடுபட்ட பதக்கங்களைப் படைவீரருக்கு முதன்முறை இலவசமாகவே அனுப்புகிறார்கள். உங்கள் மாவட்டத்தில் உள்ள படைவீரர் சேவை அலுவலரும் அங்கீகாரம் பெற்ற படைவீரர் சங்கங்களும் இலவசமாகவே உதவுவார்கள். காலேஜ் பார்க்கில் பெட்டி பெட்டியாக ஆணைகளைப் புரட்ட உங்களால் போக முடியாவிட்டால், மணிக்கணக்கில் ஊதியம் பெறும் ஆவண ஆய்வாளர் ஒருவரை அந்த ஒரு வேலைக்கு மட்டும் அமர்த்துவது நியாயமான செலவு. பதக்கம் வாங்கித் தருவதாக உறுதி சொல்பவரை மட்டும் அண்ட விடாதீர்கள். டிடி-214-இல் தாமாக ஒரு வரியைச் சேர்த்துக் கொடுக்கும் ஆட்களும் உண்டு. அது குற்றம், உண்மையாகவே காயமுற்ற ஒருவரைப் பொய்யராக்கிவிடும் குற்றம்.

இதைப் படிக்கும் மற்ற வாசகர்களுக்காகச் சில வரிகள். கடற்படை, மரைன் படை வீரர்களுக்குக் கடற்படைப் பதிவேடுகள் திருத்த வாரியமும் விமானப்படையினருக்கு அவர்களுடைய வாரியமும் தனித்தனியே உள்ளன. படிவம் அதே டிடி-149 தான். 1973 ஜூலை 12-இல் செயின்ட் லூயிஸ் மையத்தில் பிடித்த தீயில் 1912 நவம்பர் முதல் 1960 ஜனவரி 1 வரை விடுவிக்கப்பட்ட ராணுவத்தினரின் கோப்புகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு அழிந்தன; இரண்டாம் உலகப் போர், கொரியப் போர்க் காலத்தவர்களின் குடும்பங்கள் காலை அறிக்கைகள், பிரிவுப் பட்டியல்கள், இறுதிச் சம்பளச் சீட்டுகள் ஆகியவற்றைக் கொண்டு கட்டியெழுப்ப வேண்டியிருக்கும். உங்கள் மாமனாரின் கோப்பு 1969-ஐச் சேர்ந்தது. தீயின் பட்டியலில் வராது.

எல்லாவற்றுக்கும் முன்பாக, இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அந்த லெப்டினன்டும் எண்பதை நெருங்கியவராகவோ தாண்டியவராகவோ இருப்பார். மாமனாரின் சம்மதத்தோடு அவரைத் தொலைபேசியில் அழையுங்கள். பிரான்ஸ் ஸ்டார் பரிந்துரையை மட்டுமல்ல, காயம் பட்ட நாளில் அவர் உடனிருந்தாரா, எந்த ஊருக்கு அருகில், வேறு யார் காயமுற்றார்கள், யார் ஹெலிகாப்டரில் ஏற்றினார்கள் என்பதையும் கேளுங்கள். அவர் நினைவில் உள்ளதை அவருடைய சொற்களிலேயே எழுதி, நோட்டரி கையொப்பத்தோடு அசலைத் தபாலில் அனுப்பச் சொல்லுங்கள். கோப்பு வர மாதங்கள் ஆகலாம். அதுவரை அந்தத் தாள் உங்கள் கையில் இருக்கட்டும்.